போர் நடக்கும்போது வந்த புது அதிபர் பழைய ஆட்களையே வைத்துக்கொள்ளலாமா?

செங்காங் அப்பா:
மகள் தொடக்கக் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஈராக் போரை எதிர்த்துப் பேசித்தானே ஒபாமா 2008இல் ஜெயித்தார், அப்புறம் புஷ் நியமித்த ராபர்ட் கேட்ஸையே தற்காப்பு அமைச்சராக வைத்துக்கொண்டால் ஓட்டுப் போட்டவர்களை ஏமாற்றியதாகாதா என்கிறாள். போர்க்காலத்தில் அதெல்லாம் வழக்கம்தான் என்று சமாளித்தேன், ஆனால் எனக்கே சரியாகத் தெரியாது. இங்கே சிங்கப்பூரில் பிரதமர் மாறினாலும் நிரந்தரச் செயலாளர்கள் அப்படியே இருக்கிறார்களே, அந்த மாதிரிதானா?

கோப்பி ஓ:
அந்த மாதிரி இல்லைங்க. நம் நிரந்தரச் செயலாளர் அரசாங்க ஊழியர். அங்கே அதிபர் மாறினால் அமைச்சரிலிருந்து கீழே பல அடுக்குவரை சுமார் 4,000 அரசியல் நியமனங்கள் கைமாறும். வேறு கட்சியிலிருந்து ஜெயித்து வந்தவர் பழைய தற்காப்பு அமைச்சரை இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்ஸோ, புஷ் ஆட்சி முடிய எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் கடிகாரம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்த மனுஷன், கடைசியில் 2011 நடுப்பகுதிவரை மாட்டிக்கொண்டார்.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: 2010 ஆகஸ்ட்டில் ஈராக்கில் அமெரிக்கா தன் போர் நடவடிக்கையை முடித்துக்கொண்டபோதும் அமைச்சர் இவர்தான். 2009 மே மாதம் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கத் தளபதி மெக்கியர்னனைப் பதவியிலிருந்து தூக்கியதும் இவர்தான்.

பழைய சார்ஜண்ட்:
தேசிய சேவையில் நான் பார்த்தது. பயிற்சிக்கு நடுவில் புதுக் கமாண்டர் வந்தார், வந்த கையோடு ஸ்டோர் பார்த்த வாரண்ட் ஆபிசரை வேறு இடத்துக்கு அனுப்பினார். ஒரு கொத்துச் சாவி, எதிலும் நம்பர் கிடையாது, எது எந்தப் பூட்டுக்கு என்று அந்த மனிதருக்கு மட்டும்தான் தெரியும். பேட்டரி இல்லாமல் சிக்னல் செட் இரண்டு நாள் சும்மா கிடந்தது.

ட்ரூமனை நினைத்துப் பாருங்கள். துணை அதிபராகி 82 நாள்தான், 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று மாலை அமைச்சர்களை எல்லாம் இருக்கச் சொல்லிக் கூட்டத்தை முடித்ததும் போர் அமைச்சர் ஸ்டிம்சன் மட்டும் பின்தங்கி, பயங்கரமான வெடிபொருள் ஒன்று தயாராகிறது என்று லேசாகக் காதில் போட்டார், அணுகுண்டைத்தான் சொன்னார். முழு விவரம் வந்தது ஏப்ரல் 25இல். அதிபருக்கே தெரியாத சமாசாரம் அமைச்சரிடம் இருக்கும்போது யாரை வீட்டுக்கு அனுப்புவது?

தேக்கா முருங்கை:
சார்ஜண்ட் அண்ணே, ஜான்சனை விட்டுவிட்டீர்களே. 1963இல் கென்னடி சுடப்பட்டதும் துணை அதிபராக இருந்த அவர் அதிபரானார், தற்காப்பு அமைச்சர் மெக்நமாரா, வெளியுறவு அமைச்சர் ரஸ்க், பாதுகாப்பு ஆலோசகர் பண்டி மூவரையும் அப்படியே வைத்துக்கொண்டார். அப்போது வியட்நாமில் சுமார் 16,000 அமெரிக்க வீரர்கள், 1968இல் 5 லட்சத்துக்கு மேல். ஆட்களை வைத்துக்கொண்டது தப்பில்லை, அவர்கள் சொன்னதைத் தட்டிக் கேட்கப் புதிதாக ஒரு குரலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாததுதான் தப்பு. வெளியுறவுத் துணை அமைச்சர் ஜார்ஜ் பால் எதிர்த்துச் சொன்னாரே என்பீர்கள், அவரும் கென்னடி காலத்து ஆள்தான், சொன்னார், எடுபடவில்லை. மெக்நமாராவுக்கே 1967இல் நம்பிக்கை போய்விட்டது, மறுவருடம் உலக வங்கிக்குப் போய்விட்டார்.

செங்காங் அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மகளிடம் காட்டினேன், கேட்ஸை விட்டுவிட்டு ஜான்சனைப் பிடித்துக்கொண்டாள். சார்ஜண்ட் அண்ணே, அந்தப் பேட்டரி கடைசியில் எங்கே இருந்தது?

பழைய சார்ஜண்ட்:
மழைக்கோட்டு மூட்டைக்கு அடியில். அவருக்கே போன் போட்டுத்தான் கேட்டோம்.