பந்து வச்சிருக்கவன் தலை நிமிந்தா

வாட்ஸ்அப் குழு: கரைப் பந்து (தூத்தூர் – பொழியூர்)
செவ்வாய், 9 செப்டம்பர் 2025, இரவு

[7:41] ரெஜி: பாத்தியளா? இங்கிலாந்து லீக்ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கோச்சு நூனோவ விடியுமுன்னயே தூக்கிட்டானுவ. அந்த எடத்துக்கு நம்ம ஆஞ்ச் போஸ்டெகோக்லு வந்தாச்சு

[7:42] அனிஷ்: சீசன் தொடங்கி 3 மேட்ச்தானே லே ஆச்சு

[7:42] ரெஜி: 3 மேட்ச், 4 பாயின்ட். பிரென்ட்ஃபோர்ட 3-1 அடிச்சான், பேலஸ்கிட்ட 1-1, வெஸ்ட் ஹாம்கிட்ட சொந்த கிரவுண்டுல 0-3. போன வருசம் 7ஆம் எடத்துல கொண்டு நிறுத்துன ஆளு

[7:44] ஷாஜி பொழியூர்: ஜெர்மனில இதவிட வேகம். லெவர்குசன் கோச்சு டென் ஹாக்க 2 லீக் மேட்ச்ல பறஞ்சு விட்டாச்சு. செப்டம்பர் 1

[7:45] அனிஷ்: ரெண்டா? 😂 பால்காரன மாத்தவே நாம ஒரு மாசம் பாப்போமே

[7:49] சகாயம் மாமா: அந்த டீம எடுத்துப் பாரு. விர்ட்ஸும் ஃப்ரிம்பாங்கும் லிவர்பூல். ஷாக்கா சண்டர்லாண்ட். ஸ்டாப்பர் (நடுவுல நின்னு தடுக்கவன்) டா பயர்ன். கோலி (கோல் கீப்பர்) ராடெக்கி மொனாக்கோ. ஒரே விடுமுறையில முதுகெலும்ப உருவி எடுத்தாச்சு. ஹோஃபன்ஹைம்கிட்ட 1-2. அடுத்தது பிரேமன்ல 3-1 முன்னால, எதிராளி 10 பேரு, அப்படியும் இஞ்சுரி டைம்ல வாங்கி 3-3

[7:50] ரெஜி: 10 பேருக்கு எதிரா 2 கோலு லீட விட்டா கோச்சு தப்புதான மாமா

[7:53] சகாயம் மாமா: பாதி அவரு தப்பு. ஓராளு கூட இருக்கும்போ ரெண்டு விங்கும் கோட்டுல ஒட்டி நிக்கணும், நடுவுல ஒருத்தன் பந்த வாங்கி வாங்கிக் குடுத்து எதிராளிய ஓட விடணும். அந்த நடுவுல நிக்கவன் போன வருசம் வரைக்கும் ஷாக்கா. புதுசா வந்தவனுக்கு நான் வாங்கணுமா நீ வாங்கணுமான்னே தெரியாது. அது ரெண்டு வாரத்துல வாராது

[7:56] டெய்சி டீச்சர்: ஆரம்பத்து பாயின்ட்ட வச்சு கணக்குப் போடாதீங்க. 2024ல கான்டே நாப்போலிக்கு கோச்சா வந்து, ஆகஸ்ட்ல முதல் லீக் மேட்ச்லயே வெரோனாகிட்ட 0-3. அதே நாப்போலி 82 பாயின்ட்டோட சாம்பியன், இன்டருக்கு 81. முதல் மேட்ச் ஆடும்போ லுகாகுவும் வரல, மெக்டாமினேயும் வரல. ட்ரான்ஸ்ஃபர் கதவு மூடாம நடக்குற மேட்ச்ல பாதி டீம்தான் கிரவுண்டுல நிக்கும்

[7:58] டெய்சி டீச்சர்: அதுக்கு நேர் எதிர் உங்க ஆஞ்ச் ஆளுதான் ரெஜி. 2023ல ஸ்பர்ஸுக்கு (டாட்டன்ஹாம்) கோச்சா வந்து முதல் 10 மேட்ச்ல 8 ஜெயிப்பு 2 சமன், 26 பாயின்ட். அதுக்கப்புறம் என்னாச்சு

[7:58] ரெஜி: வேண்டாம் டீச்சர் 🙏

[7:59] அனிஷ்: செல்சி 4 ஸ்பர்ஸ் 1. 2023 நவம்பர் 6. தேதி மறக்காது

[7:59] ரெஜி: யூரோப்பா கப்பு எடுத்துத் தந்தாரு. பில்பாவோல மான்செஸ்டர் யுனைட்டட 1-0. அத ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கிய

[8:00] அனிஷ்: லீக்ல 17ஆம் எடம், 22 தோல்வி. அதயும் சொல்லல பாத்தியா

[8:02] ஷாஜி பொழியூர்: மாமா, ஃபாரஸ்ட் இத்தன நாளு பாக்ஸ் பக்கத்துல கெடந்து ஆடுன டீம். முரில்லோ, மிலென்கோவிச் ரெண்டு பேரும் வார பந்த தலையால வெட்டி விடுற ஸ்டாப்பர்மாரு. அவங்கள நடுக்கோடு வரைக்கும் ஏத்தி நிறுத்துனா நடக்குமா?

[8:11] சகாயம் மாமா: அதுதான் கேள்வி. ஏத்தி நிறுத்துறது தப்பு இல்ல. எப்ப எறங்கணும்னு தெரியாம ஏத்துறதுதான் தப்பு.

பந்து வச்சிருக்கவன பாரு. அவன் முதுகு நம்ம பக்கம் இருக்கா, இல்ல தலை குனிஞ்சு பந்தப் பாக்கானா, இல்ல நம்ம ஆளு ஒரு மீட்டர் தள்ளி நெருக்கிட்டு நிக்கானா? அப்ப அவனால நீளப் பந்து போட முடியாது. லைன் (பின்னால தடுக்க நாலு பேரு வரிசை) 5 மீட்டர் முன்னால ஏறலாம்.

அவன் தலை நிமிந்து, காலு பின்னால போச்சுன்னு வையி. பந்து பறக்கப் போவுது. அந்த நிமிஷம் நாலு பேரும் ஒக்க திரும்பி ஓடணும். நேரா முதுகக் காட்டி ஓடப்பிடாது, ஒருச்சாஞ்சு, ஒரு கண்ணு பந்துல ஒரு கண்ணு ஆளுமேல. காலு பந்துல பட்ட பொறவு திரும்புனா 2 மீட்டர் போச்சு, பிடிக்க முடியாது.

[8:13] சகாயம் மாமா: அந்த செல்சி மேட்ச்ல ரொமேரோவுக்கும் உடோகிக்கும் சிவப்பு, 9 பேரு. 9 பேர வச்சு பந்த நெருக்க ஆளு ஏது? நெருக்காம லைன மட்டும் ஆஞ்ச் நடுக்கோட்டுல நிறுத்துனாரு. செல்சி ஜாக்சன் 3 கோலு. நடுக்கோட்டுக்கு அவன் பக்கம் நிக்கவனுக்கு ஆஃப்சைடே (பாஸ் வரும்போ தடுப்பு லைன தாண்டி நிக்கற தப்பு) கெடயாது, அவன் அங்கேருந்து ஓடி வந்தா கொடி எப்படித் தூக்குவான்?

[8:14] அனிஷ்: அப்ப பார்சிலோனா கோச்சு ஃப்ளிக் மட்டும் எப்படி? பார்சாவும் அதே நடுக்கோடுதான

[8:17] டெய்சி டீச்சர்: 2024 அக்டோபர் 26, பெர்னபேவுல 4-0. மாட்ரிட் 12 தடவ ஆஃப்சைடு, அதுல எம்பாப்பே மட்டும் 8. ஃப்ளிக்குக்கும் அது முதல் சீசன்தான். முன்னால நிக்க பயலுவ ஒருத்தனும் சும்மா நிக்கல, மாட்ரிட்காரன் தலை நிமிர்றதுக்குள்ள காலடியில வந்து நின்னானுவ. மேல நெருக்குனா கீழ லைன் பிழைக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பேசாதீங்க

[8:18] ஷாஜி பொழியூர்: கொள்ளாம்

[8:22] சகாயம் மாமா: ஆஞ்சுக்கு நாளு இல்லங்கிறதுதான் என் வெப்ராளம். இன்னைக்கு 9, சனிக்கிழமை 13 ஆர்சனல் கிரவுண்டுல மேட்ச். நாட்டுக்கு ஆடப் போனவனுவ திரும்பவே புதன் வியாழன் ஆவும். எல்லாரும் சேந்து நிக்கறது 2 நாளு. அதுல லைனயும் மாத்தி, நெருக்கறதயும் மாத்தி, கோலி பந்து எடுக்க விதத்தயும் மாத்தப் பாத்தா மூணும் அரைகுறையா நிக்கும். இந்த மேட்ச்ல பழைய மாதிரி கீழ கெடந்துட்டு கார்னர் ஃப்ரீகிக்க மட்டும் சரி பண்ணுனா போதும். அவரு அப்படிச் செய்யாண்டாம்னு நெனைக்க ஆளு

[8:23] ரெஜி: ஃபாரஸ்ட்ல கிறிஸ் வுட் வேற இருக்கான். 20 கோலு அடிச்சவன், ஆனா ஓடி நெருக்க ஆளு இல்ல. எலாங்காவயும் நியூகாசிலுக்கு வித்தாச்சு

[8:27] ரெஜி: இதுல ஸ்பர்ஸோட புது கோச்சு தாமஸ் ஃப்ராங்க் கெட்டிக்காரரு. சூப்பர் கப்புல பிஎஸ்ஜிகிட்ட பின்னால 3 பேரு, ரெண்டு கோலும் ஃப்ரீகிக்ல இருந்து. 85ஆம் நிமிஷம் வரை 2-0. பொறவுதான் பெனால்டில போச்சு. அடுத்த மேட்ச் பர்ன்லிக்கு பின்னால 4 பேரா மாத்தி 3-0. மான்செஸ்டர் சிட்டி கிரவுண்டுல போயி 2-0, அதுல ரெண்டாவது கோலு அவங்க கோலி ட்ராஃபோர்ட் காலடியில போட்ட குட்டிப் பாஸ நெருக்கிப் பிடிச்சது

[8:28] அனிஷ்: பொறவு போர்ன்மவுத்

[8:28] ரெஜி: 0-1. 5ஆம் நிமிஷத்துல வாங்கி மீதி 85 நிமிஷம் கதவத் தொறக்கத் தெரியல. ஒத்துக்கிடுதேன்

[8:31] டெய்சி டீச்சர்: புது கோச்சு வந்தா தடுக்கறது முதல்ல வரும், செட்பீஸ் (கார்னர், ஃப்ரீகிக் மாதிரி) அதோட வரும். கீழ அடைச்சு நிக்க டீமத் தொறக்கறது கடைசியாதான் வரும், அதுக்கு ஆளாளுக்குப் பழக்கம் வேணும். ஃப்ராங்க் அந்த மூணாவதுக்கு இன்னும் வரல, அவ்வளவுதான்

[8:34] ஷாஜி பொழியூர்: இங்கிலாந்த விடுங்க. நேத்து நம்ம இந்தியா ஓமனை பெனால்டில பிடிச்சது யாரும் பேசல?

[8:35] அனிஷ்: பாத்தேன் அண்ணே. உதாந்தா 80ல சமன் பண்ணுனான். பெனால்டில 3-2, கடைசி கிக்க குர்பிரீத் பிடிச்சான். காஃபா நேஷன்ஸ் கப்புல மூணாம் எடம்

[8:39] ஷாஜி பொழியூர்: இந்தியா கோச்சுன்னு காலித் ஜமீல் பேரு வந்தது ஆகஸ்ட் 1. முதல் மேட்ச் ஆகஸ்ட் 29, தஜிகிஸ்தான் ஊர்ல போயி 2-1. ஈரான்கிட்ட 0-3, ஆப்கானிஸ்தான் 0-0, பின்ன நேத்து ஓமன். மோகன் பகான் ஆளு விடவும் இல்ல. ஐஎஸ்எல் எப்பன்னு யாருக்கும் தெரியல, நம்ம பிளாஸ்டர்ஸ் கோச்சு கட்டாலாவும் சும்மா இருக்காரு. மேட்ச் பழக்கம் இல்லாத பயலுவள வச்சு இது கொறச்சல் இல்ல

[8:41] சகாயம் மாமா: ஈரான் மேட்ச்ல அது தெரிஞ்சுது. 60 நிமிஷம் வரை 0-0. கடைசி ரெண்டு கோலு 89லயும் இஞ்சுரி டைம்லயும். காலு ஓஞ்சா லைன் உடையும், அதுக்கு எந்த கோச்சும் மருந்து வச்சிருக்கல

[8:42] ஷாஜி பொழியூர்: தஜிகிஸ்தானுக்கு எதிரா நம்ம முதல் கோலு உவைஸ் எறிஞ்ச த்ரோ. நம்ம மலப்புரத்துக்காரன், முதல் மேட்ச். அன்வர் அலி தலையால முடிச்சான். 5ஆம் நிமிஷம்

[8:44] அனிஷ்: நம்ம பயலுவளும் அதப் பாத்துட்டு ரெண்டு நாளா எறிஞ்சுட்டு கெடக்கானுவ. பாதி ஃபவுல் த்ரோ

[8:50] டெய்சி டீச்சர்: ஃபவுல் எங்க வருதுன்னா, ஓடி வந்து விடும்போ பின்னங்காலு காத்துல நிக்கும். ரெண்டு காலும் தரையில இருக்கணும், கோட்டு மேலயோ கோட்டுக்கு வெளியவோ. பாதத்துல ஒரு பகுதி பட்டாப் போதும், அதனால பின்னங்கால் விரல இழுத்துட்டே வரச் சொல்லுங்க. பந்து தலைக்குப் பின்னால இருந்து தலை மேல வரணும், ரெண்டு கையும் சேந்து. எதிராளி 2 மீட்டர் தள்ளி நிக்கணும், வந்து மறைச்சா ரெஃபரிகிட்ட கேளுங்க.

த்ரோல இருந்து நேரா வார பந்துக்கு ஆஃப்சைடு கெடயாது. அதனால கோலிக்கு முன்னாலயே ஒராள நிறுத்தலாம். ஆனா யாரு மேலயும் படாம நேரா உள்ள போனா கோலு இல்ல, கோல் கிக்

[8:55] சகாயம் மாமா: ஆளு நிறுத்தறது இப்படி. பக்கத்துப் போஸ்ட்டுல உயரமானவன், அவன் வேலை கோலு அடிக்கறதில்ல, பின்னால தட்டி விடறது. அவன் பின்னால ரெண்டு பேரு ஓடி வரணும், நின்னுட்டு குதிக்கப்பிடாது. கோலி மறைவா ஒராளு, கையால தொடாம. பாக்ஸ் விளிம்புல ரெண்டு பேரு, வெட்டி விட்ட பந்து அங்கதான் விழும். பின்னால ரெண்டு ஸ்டாப்பர் கட்டாயம். எல்லாரும் உள்ள போயி நின்னா கோலி பிடிச்சு உருட்டி விட்ட மறுநிமிஷம் நம்ம வலையில கெடக்கும்.

உப்புக்காத்துல பந்து வழுக்கும். கோட்டோரம் ஒரு துண்டு போட்டு வையி

[8:57] அனிஷ்: கோலி பிடிச்சா இப்ப 8 செகண்டு தானே டீச்சர்?

[9:00] டெய்சி டீச்சர்: ஆமா, இந்த சீசன்ல இருந்து. பந்து கையில வந்து 8 செகண்டு. கடைசி 5 செகண்ட ரெஃபரி கையத் தூக்கி விரலால எண்ணிக் காட்டுவாரு. தாண்டுனா எதிராளிக்கு கார்னர். முன்ன 6 செகண்டு, இன்டைரக்ட் ஃப்ரீகிக், அதுக்கு விசில் ஊதுனது ரொம்ப அபூர்வம். உங்க கோலிகிட்ட சொல்லி வைங்க, பந்தப் பிடிச்சுட்டு தரையில படுத்து கெடக்க பழக்கம் அவருக்கு

[9:01] அனிஷ்: 😂😂 அவரு குழுவுலதான் இருக்காரு

[9:01] இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:04] ரெஜி: மாமா, அந்த தலை நிமிந்தா எறங்குறத எப்படிப் பழக்குறது? நம்ம பேக் பயலுவ ஒருத்தன் ஏறுவான் ஒருத்தன் நிப்பான்

[9:12] சகாயம் மாமா: கயிறு. 24 மீட்டர் எடு, 8 மீட்டருக்கு ஒரு முடிச்சு. நாலு பேரும் நுனியிலயும் முடிச்சுலயும் கையால பிடிக்கணும். இடுப்புல கட்டாத, ஒருத்தன் விழுந்தா நாலு பேரும் விழுவானுவ.

நீ 20 மீட்டர் தள்ளி பந்தோட நில்லு. முதுகக் காட்டுனா அவனுவ 5 மீட்டர் ஏறணும். திரும்பி தலை நிமிந்து கால பின்னால எடுத்தா 5 மீட்டர் எறங்கணும். பந்த அடிக்காத, சும்மா ஏமாத்து. கயிறு தொங்குனா ஒருத்தன் உள்ள நெருங்கிட்டான், விறைச்சா ஒருத்தன் தனியாப் போயிட்டான். முதல்ல நடந்து, பொறவு பைய ஓட்டம். 10 நிமிஷம் ரெண்டு தடவ. பொறவு கயித்த எறிஞ்சுட்டு செய்யச் சொல்லு.

கூப்பிடுறது ஒரே குரல், ஸ்டாப்பர் குரல். நாலு பேரும் கத்துனா விங் பேக் ஒரு எட்டு பிந்துவான், அந்த ஒரு எட்டுல எதிராளி அஞ்சு பேரும் ஆன்சைடு

[9:14] ஷாஜி பொழியூர்: சனிக்கிழமை 5 மணிக்கு ஆர்சனல் மேட்ச்ல முதல் 10 நிமிஷம் முரில்லோவ மட்டும் பாத்தாப் போதும் அப்போ. பந்த விட்டுட்டு

[9:15] சகாயம் மாமா: அதே. ஆர்சனல் ஒடேகார்ட் தலை நிமிரும்போ முரில்லோ எந்தப் பக்கம் நகருதான்னு பாரு

[9:16] ரெஜி: கயிறு வீட்டுல கெடக்கு மாமா, வலைக்கயிறு. அது போதுமா?

[9:18] சகாயம் மாமா: அது வேண்டாம், நைலான் கையக் கிழிக்கும். பழைய வேட்டி நாலஞ்சு எடுத்து கீறி முறுக்கு. முடிச்சு பெருசாப் போடு, கை நழுவப்பிடாது