டெட் நாளில் வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள், என்ன கொண்டு போவது?

வணக்கம். சைகோனுக்கு வேலைக்கு வந்து 8 மாதம் ஆகிறது. என்னுடன் வேலை செய்பவர், வியட்நாமியப் புத்தாண்டான டெட்டுக்கு கான் தோவில் உள்ள தன் அம்மா வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். இங்கே நாலைந்து டெட் பார்த்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

முதல் குழப்பம், எந்த நாள் போவது? முதல் நாள் அப்பா வீட்டுக்கு, இரண்டாம் நாள் அம்மா வழிக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்று இங்கே ஒரு வழக்கு உண்டு. அதைவிடப் பெரிய பயம், முதல் நாள் வாசலைத் தாண்டும் முதல் ஆள் எப்படியோ அந்த வீட்டுக்கு வருடமும் அப்படியே என்பது. ராசி விலங்கு பொருந்துகிற ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்து வரவழைக்கிறார்கள். துக்க வீட்டுக்காரர்கள் போகவே மாட்டார்கள். என் பாட்டி தவறி 5 மாதம்தான் ஆகிறது. இதை அவரிடம் முன்பே சொல்லிவிடவா?

அப்புறம் பழம். நம் ஊர் நினைப்பில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கப் போனேன். நல்லவேளை, கடைக்கார அக்கா தடுத்தார். தெற்கில் வாழைப்பழத்தின் பெயர் தலைகுப்புற விழுவதைக் குறிக்கும் சொல்போல ஒலிக்குமாம், அதனால் படையல் தட்டில் வைக்க மாட்டார்கள். சீத்தாப்பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம் வைக்கிறார்கள். பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் 'செலவுக்குப் போதுமானது கிடைக்கட்டும்' என்று வருகிறது. ஒரு ஜோடி தர்பூசணி கொண்டு போனால் சரியா?

வீட்டில் இரண்டு குழந்தைகள். சிவப்பு உறையில் புது நோட்டு எவ்வளவு வைப்பது? பெரியவர்களுக்கும் தரணுமா?

கடைசியாக, நான் சைவம். வாழையிலையில் உருட்டிக் கட்டும் 'பான் டெட்' என்ற ஒட்டரிசிப் பலகாரத்தில் பாசிப்பருப்போடு பன்றிக்கறியும் இருக்கும். மனம் நோகாமல் எப்படி மறுப்பது?