ஆயில் பெயிண்டிங்: வானம் காய்ந்துவிட்டது, மரங்கள் மட்டும் ஒரு மாதமாக ஒட்டுகின்றன

தேயிலைமேடு:
வணக்கம். ஊர் கோத்தகிரி. ஆயில் பெயிண்டிங் பழகுவதற்காக ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த ‘தி ஹே வெய்ன்’ (குதிரைகள் பூட்டிய வைக்கோல் வண்டி) ஓவியத்தைப் பார்த்து வரைகிறேன். மூல ஓவியம் சுமார் 130க்கு 185 சென்டிமீட்டர். என்னிடம் இருப்பது 16க்கு 20 அங்குல கேன்வாஸ். அதனால் 2 அங்குலம் விட்டுவிட்டு, 14க்கு 20 ஆகக் கட்டம் போட்டேன். உருவங்கள் அளவாக வந்துவிட்டன.

சிக்கல் மரங்களில்தான். வானம் பத்து நாளில் காய்ந்துவிட்டது. இடப்பக்கம் வீட்டை ஒட்டிய மரங்கள் ஒரு மாதமாகியும் விரலில் ஒட்டுகின்றன. ஐப்பசி மழை விடவில்லை, அறையெல்லாம் ஈரம். ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காய வைக்கலாமா? பச்சையும் பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கிறது. மூன்று மாத உழைப்பு, வீணாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

வண்ணத்தட்டு:
ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஆயில் பெயிண்ட் ஈரத்துணி மாதிரி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகும். குளிரில் அது மெதுவாக நடக்கும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு இயல்பிலேயே தாமதம், அம்பர் என்ற மண் பழுப்பு சீக்கிரம் காயும். மரங்களுக்குக் கறுப்பு கலந்தீர்களா? எண்ணெய் அதிகம் ஊற்றினீர்களா?

தேயிலைமேடு:
கறுப்பு கொஞ்சம்தான். எண்ணெய் வானத்துக்கு ஊற்றிய அளவேதான்.

குன்னூர் டீச்சர்:
தம்பி, அதே அறையில், அதே குளிரில்தானே வானமும் காய்ந்தது? அப்படியானால் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மரங்களுக்கு எந்த பிரஷ்? அதை எதில் கழுவினீர்கள்?

தேயிலைமேடு:
வானத்துக்குப் புது பிரஷ், டீச்சர். மரங்களுக்குப் பழையவை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, டர்பென்டைன் வாசனை ஆகாது என்று தேங்காய் எண்ணெயில் கழுவித் துணியில் துடைத்து வைத்தேன்.

குன்னூர் டீச்சர்:
அதுதான் காரணம். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். ஆளி விதை எண்ணெய்போல இறுகிப் படலமாகவே ஆகாது. அதிலும் நம் மலையில் இந்த மாதத்தில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித்தானே தலைக்கே தேய்க்கிறோம்? பிரஷ் முடியின் அடியிலும் அது அப்படியே உறைந்து நிற்கும். மேலே துடைத்தால் போகாது. ஒவ்வொரு இழுப்பிலும் பெயிண்டில் கலந்திருக்கிறது.

கேன்வாஸைத் தூக்கிப் போடாதீர்கள், வானம் நன்றாக இருக்கட்டும். மரப் பகுதியை மட்டும் பேலட் கத்தியால் சுரண்டி, டர்பென்டைன் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். இதை வெளித் திண்ணையில், குழந்தை இல்லாத நேரத்தில் செய்யுங்கள். பிரஷ்களை வெந்நீரும் சோப்பும் போட்டு, நுரை வெள்ளையாக வரும்வரை கழுவுங்கள். இனிமேல் வாசனைக்குப் பயந்தால் ஆளி விதை எண்ணெயிலேயே அலசிவிட்டு சோப்புப் போடலாம். ஒன்று முக்கியம்: அந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

அப்புறம் மரங்களை முதலில் பர்ன்ட் அம்பரில், டர்பென்டைன் கலந்து மெல்லிசாக, இருட்டும் வெளிச்சமும் மட்டும் போடுங்கள். எண்ணெய் மிகுந்த பச்சை அதற்கு மேலேதான் வர வேண்டும். அடியில் கொழுத்த பூச்சு, மேலே மெலிந்த பூச்சு என்று போனால் பிறகு வெடிக்கும். கான்ஸ்டபிளே நேராக இந்த ஓவியத்துக்குப் போகவில்லை. இதே அளவில் ஒரு முழு மாதிரியை ஆயில் பெயிண்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். நீங்களும் மரங்களைத் தனியாக ஒரு அட்டையில் போட்டுப் பாருங்கள்.

பச்சைக்கு: ட்யூபில் வருவதை அப்படியே வைக்காமல் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேருங்கள். குதிரைகளின் கழுத்துப்பட்டையில் அவர் வைத்த சிவப்பைக் கவனித்தீர்களா? அந்தச் சின்னச் சிவப்பு பக்கத்தில் இருப்பதால்தான் பச்சையெல்லாம் உயிரோடு தெரிகிறது. மூடுபனி விலகும் நேரத்தில் எதிரேயுள்ள சோலையைப் பாருங்கள், அங்கே எத்தனை பழுப்பு இருக்கிறது என்று தெரியும்.

தேயிலைமேடு:
டீச்சர், சுரண்டிவிட்டேன். கழுவும்போது பிரஷிலிருந்து வெள்ளைக் கட்டியாக எண்ணெய் வந்தது. அம்பர் பூச்சு போட்டு நான்கு நாள் ஆகிறது, மழை இன்னும் பெய்கிறது. இன்று காலை தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. அட்டையில் பச்சை கலக்க ஆரம்பித்திருக்கிறேன்.