புதுப்பிப்பு: ஜூசி லூசிக்கு மறு மதிப்பெண்

போன மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர பர்கர்களுக்கு மதிப்பெண் போட்டபோது மேட்ஸ் பாரின் ஜூசி லூசிக்குப் பத்துக்கு 6 கொடுத்திருந்தேன். தட்டு வந்ததும் கடித்தால் ருசி தெரியாது, ஆறவிட வேண்டும் என்று பலர் திட்டினீர்கள். சரி, சனிக்கிழமை மறுபடியும் போனேன்.

இந்தப் பர்கரில் சீஸ் மேலே இருக்காது. இரண்டு மெல்லிய மாட்டிறைச்சி வட்டங்களுக்கு நடுவே வைத்து, ஓரத்தை அழுத்தி மூடி, சூடான இரும்புத் தகட்டில் சுடுகிறார்கள். உள்ளே சீஸ் குழம்பாகக் கொதிக்கும். முதல் தடவை அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டவன் நான்தான். அப்புறம் ருசி எங்கே தெரியும்? இந்த முறை உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்தபடி ஐந்து நிமிடம் பொறுத்தேன். சீஸ் லேசாக இறுகி, வதங்கிய வெங்காயத்தோடு சேர்ந்து வந்தது. 8.5.

நீங்கள் சொன்ன 5-8 கிளப்புக்கும் போனேன். மேட்ஸ் பார் இருக்கும் அதே சீடர் அவென்யூ தெருவில்தான், இன்னும் தெற்கே. இரண்டு கடைகளுமே இதைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாகச் சொல்கின்றன. மேட்ஸில் பர்கரின் ஆங்கிலப் பெயரில் ஒரு ‘i’யை விட்டு ‘Jucy’ என்று எழுதுவார்கள்; இங்கே எழுத்துப்பிழை இல்லை, சீஸிலும் பல வகை. நீலச் சீஸ் வாங்கினேன். 7.5. எனக்குச் சாதா அமெரிக்கன் சீஸ்தான் சரி, பட்டிக்காட்டு நாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.