புதுப்பிப்பு: கையடக்க ரேடியோ, நான்கு மாதம் கழித்து

பொழுதுபோக்காக ரேடியோ வழியே மற்றவர்களோடு பேசும் அமெச்சூர் வானொலிக்கான உரிமம் கிடைத்ததும் இங்கே கேட்டிருந்தேன்: நீர்புகாத விலை கூடிய ரேடியோவா, மலிவான இறக்குமதியா என்று. முதலில் மலிவானதில் பழகுங்கள் என்று பலரும் சொன்னீர்கள். அப்படியே வாங்கினேன்.

வீட்டுக்குள் குறையே இல்லை. நாகப்பட்டினத்துக் கடற்காற்றில்தான் சாயம் வெளுத்தது. பேட்டரியைக் கழற்றினால் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு. ஒலிவாங்கித் துளையை மூடும் ரப்பர் தளர்ந்து தொங்கியது. ஒரு தூறலில் நீர் இறங்கிவிட்டது. பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒலிபரப்பு நிற்கவில்லை. பேட்டரியை உருவித்தான் நிறுத்தினேன். அவசர நேரத்தில் இப்படி ஒரு ரேடியோ அலைவரிசையையே அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

இந்த ரேடியோவில் இன்னொரு குறை. நண்பர் வீட்டில் அளந்து பார்த்தபோது, 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அதன் மும்மடங்கான 435-லும் அலை கசிந்தது. அதுவும் நம் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் அலைவரிசைப் பட்டைதான்.

இப்போது ஐபி67 என்ற, தூசும் நீரும் புகாத தரமுள்ள ரேடியோ வாங்கிவிட்டேன். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். அதே 5 வாட்தான், தூரம் கூடவில்லை. ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் இதைத்தான் பையில் போடுவேன். பழையது மேசையில், கேட்பதற்கு மட்டும்.