8 பால் பூல்: பிரேக்கில் ஸ்ட்ரைப் விழுந்தால் அதுவேதான் நம்ம பந்தா?

கேட்டவர்: ஸ்ட்ரைக்கர்கை

கேரம் நல்லா வரும், பூல் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். விதியை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. பிரேக்கில் (கொத்தைக் கலைக்கிற முதல் அடியில்) ஸ்ட்ரைப் (பட்டை போட்ட பந்து) விழுந்தா அடிச்சவருக்கு ஸ்ட்ரைப்தானா? ஃபவுலுக்கு ரெண்டு ஷாட்டா, இல்ல குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து வைக்கணுமா? கறுப்பை (8-ஐ) அடிக்கும்போது வெள்ளை உள்ளே போனா ஆட்டம் அவ்வளவுதானா? முறையான விதி தெரிஞ்சவங்க சொல்லுங்க. எதை முதலில் பழகணும்னும் சொன்னா உதவியா இருக்கும்.

குஷன்கணக்கு

உலக பூல் சங்கத்தின் விதிப்படி பதில் சொல்றேன்.

பிரேக்கில் எது விழுந்தாலும் டேபிள் ஓப்பன்தான், அதாவது யாருக்கு எந்த வகைன்னு இன்னும் முடிவாகலை. அதுக்கப்புறம் யார் பந்தையும் பாக்கெட்டையும் சொல்லி, ஃபவுல் இல்லாம முதலில் போடுறாரோ, அந்த வகை அவருக்கு. 1 முதல் 7 வரை சாலிட் (முழு நிறப் பந்து), 9 முதல் 15 வரை ஸ்ட்ரைப். ஓப்பனா இருக்கும்போது ரெண்டு வகையிலும் எந்தப் பந்தை வேணும்னாலும் முதலில் தொடலாம்.

ஃபவுலுக்கு ரெண்டு ஷாட் என்பது இங்கிலாந்து பப்களில் சிவப்பு-மஞ்சள் சின்னப் பந்துகளில் ஆடுறதில் உள்ள வழக்கம். இந்த ஆட்டத்தில் எதிராளி வெள்ளையை டேபிளில் எங்கே வேணும்னாலும் வைச்சு அடிக்கலாம். பிரேக்கில் வெள்ளை விழுந்தா மட்டும் பிரேக் அடிக்கிற பக்கத்து ஹெட் ஸ்ட்ரிங் கோட்டுக்குப் பின்னால்தான் வைக்கணும்.

புதுசா வர்றவங்க அதிகம் மாட்டுற ஃபவுல் ஒண்ணு இருக்கு. வெள்ளை உங்க பந்தைத் தொட்ட பிறகு, ஏதாவது ஒரு பந்து விழணும், இல்லைன்னா வெள்ளையோ வேறு பந்தோ குஷனை (டேபிளின் ஓரச் சுவரை) தொடணும். மெல்லத் தொட்டு அங்கேயே நிறுத்திட்டா ஃபவுல்.

கறுப்பு: அது விழாம வெள்ளை மட்டும் உள்ளே போனா வெறும் ஃபவுல், ஆட்டம் தொடரும். ரெண்டும் சேர்ந்து விழுந்தா தோல்வி. சொல்லாத பாக்கெட்டில் விழுந்தாலும், உங்க கடைசிப் பந்தும் கறுப்பும் ஒரே அடியில் விழுந்தாலும், கறுப்பு டேபிளை விட்டு வெளியே பாய்ஞ்சாலும் தோல்விதான். பிரேக்கில் கறுப்பு விழுந்தா வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அடிச்சவர் அதை மறுபடி ஃபுட் ஸ்பாட்டில் (அடுக்கும்போது முன்பந்து நிக்கிற புள்ளியில்) வைக்கச் சொல்லலாம் அல்லது திரும்ப பிரேக் பண்ணலாம். அமெரிக்காவின் ஏபிஏ லீக்கில் இது மாறும்: அங்கே பிரேக்கில் கறுப்பு விழுந்தா வெற்றி. அதனால ஆட்டத்துக்கு முன்னாடியே எந்த விதின்னு பேசி வைச்சுக்கறது நல்லது.

பச்சைத்துணி

மேலே சொன்னது அத்தனையும் சரி. ரேக் (பந்துகளை முக்கோணமா அடுக்கறது), பிரேக் பற்றி நான் சேர்க்கிறேன்.

முன்பந்து ஃபுட் ஸ்பாட் மேல, 8 மூணாவது வரிசை நடுவில், பின் மூலை ரெண்டில் ஒண்ணு சாலிட், ஒண்ணு ஸ்ட்ரைப். மத்தது எப்படி வேணும்னாலும் இருக்கலாம். பந்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. முன்பந்துக்கும் அடுத்த ரெண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலே வேகம் அங்கேயே செத்துடும், கொத்து அப்படியே நிக்கும். பந்து எதுவும் விழலைன்னா குறைஞ்சது நாலு பந்தாவது குஷனைத் தொட்டாகணும். இல்லைன்னா எதிராளி மறுபடி ரேக் பண்ணச் சொல்லலாம்.

முழு பலத்தையும் போடாதீங்க. முன்பந்தை நேரா, முழுசா அடிக்க முடியற வேகம்தான் உங்க வேகம். கொஞ்சம் ஓரம் பட்டாலே வெள்ளை பக்கவாட்டில் பாய்ஞ்சு பாக்கெட்டைத் தேடிப் போயிடும். சரியா பட்டா டேபிள் நடுவில் வந்து நிக்கும்.

குஷன்கணக்கு

எதை முதலில் பழகணும்னு கேட்டீங்களே. கேரமில் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரைக்கரை நீங்களே கோட்டில் வைக்கிறீங்க. இங்கே வெள்ளை நின்ன இடத்திலிருந்துதான் அடுத்த அடி. அதனால பந்து போடறதை விட வெள்ளையை நிறுத்தறதுதான் பெரிய வேலை.

ஸ்டாப் ஷாட்டில் ஆரம்பிங்க. பந்தும் வெள்ளையும் பாக்கெட்டும் ஒரே நேர்கோட்டில், இடைவெளி ஒன்றரை அடி. டிப்பை (குச்சியின் நுனியை) வெள்ளையின் மையத்துக்கு அரை டிப் அளவு கீழே வைச்சு அடிங்க. மோதின இடத்திலேயே வெள்ளை நிக்கணும். முன்னால உருண்டுச்சுன்னா பின்சுழற்சி வழியிலேயே தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். இன்னும் கீழே அடிங்க, இல்லைன்னா வேகத்தைக் கூட்டுங்க. பின்னால வந்தா கீழே இறங்கினது அதிகம். ஆனா மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவழியைத் தாண்டினா டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகும், டிப்பில் எவ்வளவு சாக் தேய்ச்சாலும். தூரம் அதிகமானா அதே அடி போதாது. மூணு, நாலு அடின்னு தள்ளி வைச்சுப் பழகுங்க.

அதே ஸ்டாப் அடியைக் கோணத்தில் அடிச்சா, பந்து போற திசைக்கு 90 டிகிரியில் வெள்ளை விலகும். இயல்பா உருண்டு வந்து பாதிப் பந்து பட்டா (வெள்ளையின் மையம் அந்தப் பந்தின் விளிம்பை நோக்கி), தான் வந்த வழியிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும். இந்த ரெண்டு கோடும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சா வெள்ளை உள்ளே விழறது பாதியா குறையும்.

ஸ்ட்ரைக்கர்கை

நன்றி. ஓப்பன் டேபிளில் ரெண்டு வகையும் சுலபமா தெரிஞ்சா எதை எடுக்கறது?

பச்சைத்துணி

எதில் அதிகம் விழுந்திருக்குன்னு எண்ணாதீங்க. எந்த வகையில் பந்துகள் கொத்தா சிக்கியோ, குஷனை ஒட்டியோ இல்லைன்னு பாருங்க. அப்புறம் கறுப்பு எந்தப் பாக்கெட்டுக்குப் போகும், அதுக்கு முந்தின கடைசிப் பந்து எதுன்னு பின்னாலிருந்து கணக்கு போடுங்க. வழி தெரியலைன்னா ஆறு பந்தைத் துடைச்சுட்டு ஒண்ணை மாட்டி விடறதுதான் இருக்கறதிலேயே மோசமான ஆட்டம். எதிராளியை மறைச்சு நின்ன உங்க பந்துகளை நீங்களே அகற்றிட்டீங்க, அவருக்கு டேபிள் காலி. அதுக்குப் பதிலா சிக்கின கொத்தை முதல் ரெண்டு மூணு அடிக்குள்ளேயே கலைங்க. கலைக்க முடியலைன்னா 'சேஃப்டி' என்று சொல்லிட்டு, வெள்ளையை உங்க பந்துக்குப் பின்னால ஒளிச்சு வையுங்க. குஷன் விதியை மட்டும் அப்பவும் மறந்துடாதீங்க.