புதுப்பிப்பு: இடது பக்கக் கரகரப்பு, ரிலேதானுங்க

வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் அப்பப்போ கரகரத்து அமுங்குது, வால்யூம் ஏத்தினா தெளிஞ்சுருதுன்னு முன்னே எழுதியிருந்தேனுங்க. காரணம் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் ரிலே, அதாவது கோளாறு வந்தா ஸ்பீக்கரைத் துண்டிச்சுக் காப்பாத்துற சுவிட்சுங்க.

இடது, வலது இன்புட் வயரை ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட்டும் இடதிலேயே நின்னுது. வால்யூமைச் சுத்தமாக் குறைச்சா நிசப்தம். டிரான்சிஸ்டர் கெட்டிருந்தா பெரும்பாலும் அப்பவும் இரையும், அதனால அது மேல சந்தேகம் குறைஞ்சுது. 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, ரிலேக்கு முன்னும் பின்னும் ஏசி வோல்ட் பாருங்க. முன்னாடி நிலையா இருக்கும், பின்னாடி துள்ளும். ஸ்பீக்கர் மாட்டியே அளக்கணும். கரண்ட் இழுக்க ஸ்பீக்கர் (லோடு) இல்லாட்டி, ரிலேக்குள்ள தொட்டு இணைக்கிற கான்டாக்ட் கெட்டிருந்தாலும் நல்லதாத்தான் காட்டும்.

கான்டாக்ட் கருத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மேல்பூச்சே போயிரும். அதே காயில் (ரிலேயை இயக்குற கம்பிச்சுருள்) வோல்ட், அதே பின் அமைப்பில் புதுசு போடுங்க. சோமனூர், பல்லடம் பக்கம் தறிப் பஞ்சு பறக்கும், சீல் வச்ச ரிலேயே நல்லதுங்க. மாட்டினதும், ஸ்பீக்கர் கொடுக்குமுன் அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருக்கான்னு பார்த்துக்கோங்க.